முதல் இடத்தின் விலை

வலங்கைமான் கடைத்தெருவில் ஏலச்சீட்டு கட்டாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குடமுருட்டிக் கரையில் நெல், ஊருக்குள் வெடித் தொழில், சாலையோரத்தில் சிறு கடைகள். எதிலும் பணம் சீராக வருவதில்லை. சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் கை நிறையும். நாற்றங்காலுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் காசு தேவைப்படும் ஆடியில் கை வறண்டிருக்கும். இந்த மேடு பள்ளத்தைச் சமாளிக்கத்தான் சீட்டு. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், மொத்தம் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதமே பணம் வேண்டும் என்பவர் 30,000 தள்ளி 70,000க்கு எடுத்துக்கொள்வார். தள்ளிய தொகை, நடத்துபவரின் கமிஷன் போக, மற்றவர்களுக்குக் கசராகப் பிரியும். அவசரமில்லாதவர் கடைசி மாதங்கள் வரை பொறுத்திருந்து கிட்டத்தட்ட முழுத் தொகையையும் எடுப்பார். வரிசையில் முன்னால் நிற்க ஒரு விலை உண்டு. பின்னால் நிற்பவருக்கு அந்த விலையில் பங்கு உண்டு.

டெல்டாவின் எந்தக் குடும்பத் தலைவியும் மனக்கணக்காகப் போடும் இந்தக் கணக்கைத்தான் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணிகள் ஆண்டுதோறும் ஜூன் மாத இறுதியில் போடுகின்றன. அவற்றில் பல அணிகள் அதைத் தப்பாகப் போடுகின்றன என்பதும், அந்தத் தப்பு நம்மூர் கிரிக்கெட், கபடி, ஹாக்கி லீக்குகளிலும் வேறு உருவில் நடக்கிறது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள் ஆடும் தேசிய ஹாக்கி லீக்கில் 18 வயதை எட்டிய புதிய வீரர்களை ஏலத்தில் எடுப்பதில்லை. அணிகள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. இதற்குப் பெயர் டிராஃப்ட். 1963இல் மாண்ட்ரியலில் தொடங்கியது. இப்போது 7 சுற்றுகள், மொத்தம் 224 இடங்கள். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. அவற்றுக்குள் முதல் இடங்கள் யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஓர் அணிக்குக் கிடைத்த இடம் அதன் சொத்து. அதை வேறோர் அணியோடு மாற்றிக்கொள்ளலாம். 20ஆம் இடத்தில் இருப்பவர் 12க்கு ஏற வேண்டுமானால் தன் 20ஆம் இடத்தோடு இரண்டாம் சுற்று இடம் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க நேரும். சீட்டில் தள்ளுவதும் இதுவும் ஒன்றே. கேள்வி இதுதான்: கொடுத்து ஏறுவதா, வாங்கிக்கொண்டு இறங்குவதா?

ஏறுவதற்குச் சாட்சியாக எப்போதும் சொல்லப்படும் கதை 1999ஆம் ஆண்டு வான்கூவர் அணியுடையது. அது வெறும் ஏறிய கதை அல்ல என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஸ்வீடனிலிருந்து இரட்டையர் இருவர் வந்தார்கள்: டேனியல் செடின், ஹென்ரிக் செடின். சிறு வயதிலிருந்து சேர்ந்தே ஆடியவர்கள். பிரித்தால் பாதி மதிப்பு போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். வான்கூவரின் பொது மேலாளர் பிரையன் பர்க் கையில் 3ஆம் இடம் ஒன்றுதான் இருந்தது. பிரையன் மெக்கேப் என்ற தடுப்பாட்டக்காரரையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று இடத்தையும் சிகாகோவுக்குக் கொடுத்து 4ஆம் இடத்தை வாங்கினார். அந்த 4ஆம் இடத்தோடு இரண்டு மூன்றாம் சுற்று இடங்களையும் சேர்த்து டாம்பாவுக்குக் கொடுத்து முதல் இடத்தை வாங்கினார். பிறகு அந்த முதல் இடத்தையே அட்லாண்டாவுக்குக் கொடுத்து 2ஆம் இடத்தையும் ஒரு மூன்றாம் சுற்று இடத்தையும் பெற்றுக்கொண்டார். செடின்களைத் தொடக்கூடாது என்பது உடன்பாடு. அட்லாண்டா முதல் இடத்தில் பேட்ரிக் ஸ்டெஃபானை எடுத்தது. 2, 3ஆம் இடங்களில் செடின்கள் வான்கூவருக்கு வந்தார்கள்.

ஸ்டெஃபான் 455 ஆட்டங்களில் 64 கோல் அடித்துவிட்டு ஒதுங்கிப்போனார். செடின்கள் இருவரும் தலா ஆயிரம் புள்ளிகளைத் தாண்டி, 2022இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். பர்க் செய்ததைக் கவனியுங்கள். முதல் இடம் கைக்கு வந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. தனக்கு வேண்டிய ஆட்கள் இரண்டாம் இடத்திலும் கிடைப்பார்கள் என்று தெரிந்ததும் பெருமையை விற்றுக் காசாக்கினார். ஏறியது ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக. காரணம் நிறைவேறியதும் ஒரு படி இறங்கினார். சீட்டில் தேவைக்கு மேல் ஒரு ரூபாய் கூடத் தள்ளாதவரின் நிதானம் அது.

இந்த நிதானம் அரிது. 1992இல் ஃபிலடெல்ஃபியா அணி எரிக் லிண்ட்ரோஸ் என்ற ஒரே இளைஞருக்காகக் க்யூபெக் அணிக்குக் கொடுத்த பட்டியலைப் படித்தால் மலைப்பு வரும். பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உட்பட ஆறு வீரர்கள், இரண்டு முதல் சுற்று இடங்கள், ஒன்றரைக் கோடி டாலர். லிண்ட்ரோஸ் பெரிய வீரர்தான். 1995இல் லீக்கின் சிறந்த வீரர் விருதை வென்றார். ஆனால் லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை அவர் ஒருபோதும் தொடவில்லை. க்யூபெக் அணி கொலராடோவுக்கு இடம்பெயர்ந்து, ஃபோர்ஸ்பெர்க்கை வைத்துக்கொண்டு 1996இலும் 2001இலும் கோப்பையை வென்றது.

கதைகள் இரண்டு பக்கமும் கிடைக்கும். 2008இல் ஒட்டாவா 18ஆம் இடத்தோடு அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று இடம் ஒன்றைச் சேர்த்து நாஷ்விலுக்குக் கொடுத்து, 15க்கு ஏறி எரிக் கார்ல்சனை எடுத்தது. அவர் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வென்றார். மூன்று படி ஏற ஒட்டாவா கொடுத்த விலை அற்பம். ஆகவே கதைகளை விட்டு எண்களுக்குப் போவோம்.

இந்தத் துறையில் பலரும் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆய்வு ஹாக்கியைப் பற்றியதல்ல, அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியது. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இருவர் எழுதியது. 2005இல் முதல் வடிவம், 2013இல் மேனேஜ்மென்ட் சயின்ஸ் இதழில் முழு வடிவம். தேலர் பின்னர் 2017இல் பொருளாதார நோபல் பெற்றார். அவர்கள் கண்டது மூன்று. ஒன்று, ஒரு நிலையில் ஆட எடுக்கப்பட்ட ஆட்டக்காரர், அதே நிலைக்கு அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடிய வாய்ப்பு ஏறத்தாழ 52 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு, அப்படியிருந்தும் முன்வரிசைக்கு அணிகள் கொடுத்த விலை மலையளவு. மூன்றாவதுதான் டெல்டா வாசகருக்கு உடனே புரியும். இந்த ஆண்டின் இரண்டாம் சுற்று இடம் ஒன்றுக்காக அடுத்த ஆண்டின் முதல் சுற்று இடத்தைக் கொடுக்க அணிகள் தயாராக இருந்தன. அதை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 136 சதவீதம். கந்துவட்டிக்காரர் கூடக் கேட்கத் தயங்கும் வட்டியை, கோடிக்கணக்கில் பணம் வைத்திருக்கும் நிறுவனங்கள் மனமுவந்து கட்டின.

இந்த முடிவை அப்படியே ஹாக்கிக்குக் கொண்டுவர முடியாது. மூன்று வேறுபாடுகள் இருக்கின்றன; மூன்றும் ஒரே பக்கம் இழுப்பவை அல்ல.

சம்பளம் முதல் வேறுபாடு. மாஸியும் தேலரும் ஆராய்ந்த காலத்தில் அமெரிக்கக் கால்பந்தில் முதல் இடத்து இளைஞர் பெருஞ்சம்பளம் வாங்கினார். அவர் சோபிக்காவிட்டால் அணிக்கு இரட்டை அடி. ஹாக்கியில் 1995 முதல் புதியவர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2011 முதல் 2021 வரை எடுக்கப்பட்டவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 9,25,000 டாலரைத் தாண்டக்கூடாது. முதல் இடத்தில் வந்தவரும் முப்பதாம் இடத்தில் வந்தவரும் ஏறத்தாழ ஒரே அடக்கவிலை. எனவே ஹாக்கியில் முதல் இடம் மிகப்பெரிய லாபம். இது ஏறுவதற்குச் சாதகமான வாதம். இறங்கச் சொல்லும் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

வயது இரண்டாவது. கால்பந்துக்காரர்கள் கல்லூரி முடித்து இருபத்தொன்று, இருபத்திரண்டில் வருகிறார்கள். ஹாக்கியில் 18. அந்த வயதுப் பையனின் உயரம்கூட நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாது. ஐந்து ஆண்டு கழித்து அவன் எப்படி ஆடுவான் என்று யார் சொல்வது? டெட்ராய்ட் அணி 1998இல் 171ஆம் இடத்தில் பாவெல் டாட்சூக்கையும், 1999இல் 210ஆம் இடத்தில் ஹென்ரிக் செட்டர்பெர்க்கையும் எடுத்தது. 2008 கோப்பையை வென்ற அணியின் தூண்கள் இவர்கள் இருவரும். எல்லா அணிகளும், டெட்ராய்ட் உட்பட, பல சுற்றுகளில் இவர்களைத் தாண்டிப் போயிருந்தன. கண்ணுக்குத் தெரியாததற்கு அதிக விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, ஆட்டத்தின் அமைப்பு. ஹாக்கியில் களத்தில் ஒரு கோல்காப்பாளரும் ஐந்து பேரும். ஒரு பெரிய வீரர் அறுபது நிமிடத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம் பனித்தளத்தில் இருப்பார். ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொண்ட கால்பந்து அணியில் ஒருவருக்கு இருப்பதைவிட அவருக்குச் செல்வாக்கு அதிகம். மேலும் ஓர் அணி வைத்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தங்கள் ஐம்பதுதான். நூறு இடங்களை வாங்கிக் குவித்தாலும் நூறு பேரையும் வளர்க்க முடியாது.

இந்த மூன்றையும் சேர்த்து எடை போட்டால் ஒரு வளைவு கிடைக்கும். ஹாக்கியில் இடங்களின் மதிப்பைக் கணக்கிட்ட புள்ளியியலாளர் மைக்கேல் ஷக்கர்ஸ் போன்றவர்கள் வரைந்தது அதுதான். முதல் சில இடங்களில் வளைவு செங்குத்தாகச் சரிகிறது. முதல் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடையில் பெரும் பள்ளம். அதன் பிறகு சரிவு மெல்ல மெல்லத் தணிந்து, முதல் சுற்றின் கடைசிப் பகுதியிலிருந்து கிட்டத்தட்டத் தரையோடு தரையாகிவிடுகிறது. 25ஆம் இடத்துக்கும் 45ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பவர் கற்பனையில் பெரிது, களத்தில் சிறிது.

விடை இந்த வளைவிலேயே இருக்கிறது. செங்குத்தான பகுதியில் ஏறுவது நியாயம். ஆனால் அங்கே யாரும் விற்கமாட்டார்கள். 2003இல் பிட்ஸ்பர்க் ஃப்ளோரிடாவிடம் முதல் இடத்தை வாங்கி கோல்காப்பாளர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியை எடுத்த பிறகு, முதல் இடம் ஒருமுறைகூடக் கைமாறவில்லை. தட்டையான பகுதியில் ஏறுவது வீண். அங்கே இறங்குவதுதான் ஆதாயம். இதைத் திட்டமாகவே கடைப்பிடிக்கும் அணி கரோலினா. அதன் இன்றைய பொது மேலாளர் எரிக் டல்ஸ்கி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இடம் மாற்றங்களுக்கு அணிகள் என்ன விலை கொடுக்கின்றன என்று எண்களை வைத்து எழுதிவந்தவர். அந்த எழுத்தின் வழியாகவே அணிக்குள் வந்தவர். 2021இல் கரோலினா தன் 27ஆம் இடத்தை நாஷ்விலுக்குக் கொடுத்து 40, 51 என்று இரண்டு இடங்கள் வாங்கியது. 40இல் ஸ்காட் மாரோ, 51இல் வில்லே கோய்வுனன். பின்னால் ஜேக் கென்ட்ஸலை வாங்கும்போது கோய்வுனன் பேரத்தில் கொடுக்கப்பட்டார். கே'ஆண்ட்ரே மில்லரை வாங்கும்போது மாரோ கொடுக்கப்பட்டார். 2024இலும் அதே 27ஆம் இடம், இந்த முறை சிகாகோவுக்கு. பதிலுக்கு 34, 50. 2019 முதல் 2025 வரை எல்லா ஆண்டும் கரோலினா பிளேஆஃப் சுற்றுக்குப் போயிருக்கிறது.

எண்ணிக்கை மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 2009இல் டொரான்டோ அணி ஃபில் கெஸல் என்ற முன்கள வீரருக்காகப் பாஸ்டனுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று இடங்களையும் ஓர் இரண்டாம் சுற்று இடத்தையும் கொடுத்தது. நாம் நன்றாக ஆடுவோம், நம் இடம் பின்னால்தான் வரும் என்று டொரான்டோ நம்பியது. அந்தப் பருவத்தில் அது லீக்கிலேயே கடைசிக்கு முந்தைய இடத்தில் முடிந்தது. கொடுத்த இடம் 2ஆம் இடமாக மாறி, பாஸ்டன் டைலர் செகினை எடுத்தது. அடுத்த ஆண்டின் இடம் 9 ஆனது. டகி ஹாமில்டன் வந்தார். 2015இல் பாஸ்டன் ஹாமில்டனை விற்றபோது கிடைத்தவற்றில் ஒன்று 15ஆம் இடம். வேறொரு பேரத்தில் 13 வந்தது. சொந்த இடம் 14. ஆக 13, 14, 15 என்று தொடர்ந்து மூன்று தேர்வுகள்! மூன்றில் ஜேக் டிப்ரஸ்க் மட்டுமே நிலைத்தார். உடனே 16ஆம் இடத்தில் மேத்யூ பார்ஸல், 17இல் கைல் கானர் என்று இரண்டு பெரிய வீரர்கள் மற்ற அணிகளுக்குப் போனார்கள். இடம் வாங்கித் தருவது கணக்கு. அந்த இடத்தில் ஆளைப் பார்ப்பது கண். கண் இல்லாவிட்டால் கணக்கு வென்றும் பயனில்லை.

இனி நம் பக்கம் வருவோம். இந்திய லீக்குகள் பெரும்பாலும் ஏலத்தை நம்பியவை என்பதால் டிராஃப்ட் நமக்கு அன்னியம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியல்ல. 2008 மார்ச் தொடக்கத்தில் கோலாலம்பூரில் இந்திய 19 வயதுக்குட்பட்டோர் அணி உலகக்கோப்பையை வென்றது. அந்த அணி வீரர்களை ஐபிஎல் அணிகள் டிராஃப்ட் முறையில்தான் பிரித்துக்கொண்டன. அணித்தலைவர் விராட் கோலி டெல்லிக்காரர். அவரை எடுக்கும் வாய்ப்பு பெங்களூருக்கு முன்பே டெல்லிக்கு இருந்தது. டெல்லி வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. சேவாக், கம்பீர், தவான், டிவிலியர்ஸ் என்று மட்டையாளர்கள் ஏற்கெனவே குவிந்திருந்ததே காரணம். கோலி பெங்களூருக்குப் போனார். முன்வரிசையில் நிற்பவர் அன்றைய ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார். பின்னால் நிற்பவர் கையில் அவர் விட்டுவிட்ட பொக்கிஷம் விழுகிறது. பனித்தளத்திலும் இதே காட்சிதான் ஆண்டுதோறும்.

இதைவிடத் தெளிவான பரிசோதனை 2015 டிசம்பரில் நடந்தது. சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டாண்டு தடை செய்யப்பட்டதால், அவற்றின் இடத்தில் புனே, ராஜ்கோட் என்று இரண்டு புதிய அணிகள் வந்தன. அணி உரிமைக்கான ஏலம் தலைகீழ் ஏலம். கிரிக்கெட் வாரியத்திடமிருந்து யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே உரிமை. போட்டியின் சூட்டில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. சஞ்சீவ் கோயங்காவின் நிறுவனம் தானே ஆண்டுக்கு 16 கோடி கொடுப்பதாகச் சொல்லிப் புனேவை வாங்கியது. இன்டெக்ஸ் 10 கோடி கொடுப்பதாகச் சொல்லி ராஜ்கோட்டை வாங்கியது. அதிகம் தள்ளியவருக்கு டிராஃப்ட்டில் முதல் தேர்வு. 6 கோடி வித்தியாசத்தில் கிடைத்த முதல் இடம்!

டிசம்பர் 15 அன்று தடை செய்யப்பட்ட அணிகளின் வீரர்களை மாறி மாறி எடுத்தார்கள். புனே: தோனி, ரஹானே, அஸ்வின், ஸ்டீவ் ஸ்மித், டூ பிளெஸி. ராஜ்கோட்: ரெய்னா, ஜடேஜா, மெக்கல்லம், ஃபாக்னர், பிராவோ. இங்கே ஹாக்கியைப் போலச் சம்பளம் ஒரே அளவில் இல்லை. ஒவ்வோர் அணியின் முதல் தேர்வுக்கு 12.5 கோடி, அடுத்து 9.5, 7.5, 5.5, 4 என்று படிப்படியாக இறங்கியது.

முதல் பருவத்தில் குஜராத் லயன்ஸ் என்ற பெயரில் ஆடிய ராஜ்கோட் அணி லீக் சுற்றில் முதலிடம். புனே ஏழாம் இடம். அடுத்த ஆண்டு புனே இறுதிப்போட்டி வரை சென்று மும்பையிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றது. குஜராத் ஏழாம் இடத்துக்கு விழுந்தது. அந்த இரண்டாம் ஆண்டில் புனேக்குத் தலைமை தாங்கியவர் நாட்டின் மிகப்பெரிய பெயரான முதல் தேர்வு அல்ல. நான்காவது தேர்வான ஸ்மித். ஐந்து ஐந்து பேராகப் பிரித்த பிறகு, முதல் தேர்வு யாருக்கு என்பது இரண்டாண்டு முடிவுகளில் தடம் பதிக்கவில்லை. இரண்டு பருவங்களை வைத்துச் சட்டம் எழுத முடியாது, உண்மைதான். ஆனால் 6 கோடிக்கு என்ன வாங்கினோம் என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும்.

தமிழ் ரசிகர்களுக்கு இதைவிட நெருக்கமான பாடம் தமிழ் தலைவாஸ் தந்தது. 2022 ஆகஸ்டில் நடந்த புரோ கபடி ஏலத்தில் பவன் சேஹ்ராவத்தை அவர்கள் 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை. ஓர் அணியின் மொத்தப் பணம் 4.4 கோடி. ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் பாதிக்கும் மேற்பட்ட பணம் ஒருவர் தோளில். ஏலத்தில் இதுதான் ‘மேலே ஏறுவது’. இடத்துக்குப் பதிலாகப் பணத்தைக் கொடுத்து, மற்ற ஆறு இடங்களின் பலத்தைக் குறைத்துக்கொண்டு ஏறுவது. அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே, குஜராத்துக்கு எதிராக, பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் மறக்கக்கூடாது. தன் முதல் பருவத்தை ஆடிய நரேந்தர் என்ற இளைஞர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அஜிங்க்யா பவார் அவருக்குத் துணை நின்றார். தடுப்பில் சாகர், சாஹில் குலியா. அந்தப் பருவத்தில்தான் தலைவாஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. விலை உயர்ந்தவரைச் சுற்றிக் கட்டிய அணி, அவர் இல்லாமல், விலை குறைந்தவர்களால் நின்றது. காயம் யாருக்கும் வரும். பவன் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஆள் மீது பாதிப் பணத்தை வைக்கும்போது அவருடைய முழங்காலும் விலைக்குள் அடங்கும். அகலமாகப் பரப்பிய பணத்துக்கு அந்த அபாயம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இது பனியில் அல்ல, தரையில் ஆடும் நம்மூர் ஹாக்கி. 2024 அக்டோபரில் ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு உயிர்பெற்ற ஹாக்கி இந்தியா லீக்கின் ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி. மிக அதிக விலை போனவர் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம், சூர்மா அணிக்கு. கோப்பையை வென்றது அவர் அணி அல்ல, வங்காள அணி. ஆனால் அந்த வங்காள அணியும் சிக்கனக்காரர்கள் அல்ல. அபிஷேக்குக்கு 72 லட்சம், ஜுக்ராஜ் சிங்குக்கு 48 லட்சம் கொடுத்தவர்கள். 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த இறுதிப்போட்டியில் ஹைதராபாத்தை 4-3 என்று வென்றபோது, ஜுக்ராஜ் மூன்று கோல் அடித்தார். அவரைப் போலப் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிக்கக் கூடியவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அந்த வித்தைக்கு மேலே ஏறலாம். அங்கே வளைவு செங்குத்து. நடுக்களத்தில் ஓடி உழைக்கும் இளைஞருக்கு ஏறுவது வீண். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். அரிதானதற்கு ஏறு, நிறைய இருப்பதற்கு இறங்கு என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

இவ்வளவு தெரிந்தும் அணிகள் ஏன் தொடர்ந்து ஏறுகின்றன? தன் கண் மீது உள்ள அதீத நம்பிக்கை என்பது மாஸியும் தேலரும் சொல்லும் பதில். ஓர் இளைஞனை ஓராண்டு பின்தொடர்ந்து பார்த்த பிறகு அவன் தனித்தவன் என்றே தோன்றும். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை என்று நான் நினைக்கவில்லை. சீட்டுக்கும் டிராஃப்ட்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சீட்டில் 30,000 தள்ளி எடுப்பவர் அந்த இழப்பைத் தானே சுமக்கிறார். மீதி மாதங்களின் தவணையும் அவர் வீட்டிலிருந்தே போகிறது. அதனால் அவர் மகளின் திருமணமோ நடவோ இல்லாமல் தள்ளமாட்டார். அணியின் மேலாளர் அடுத்த ஆண்டின் முதல் சுற்று இடத்தைக் கொடுக்கும்போது, அந்த இடம் வரும் நாளில் தான் அந்த நாற்காலியில் இருப்போமா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. இன்றைக்கு வெற்றி தேவைப்படுபவர் அவர். நாளைய தவணை கட்டப்போகிறவர் அடுத்து வருபவர். 136 சதவீத வட்டியின் மர்மம் பெரும்பாலும் இதில் தீர்ந்துவிடுகிறது. உரிமையாளர் தன் மேலாளருக்கு நீண்ட காலம் கொடுத்தால் இந்த வட்டி தானாகவே குறையும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடியான வேலை இருக்கிறது. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் டிராஃப்ட் முறையோடுதான் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் முதல் ஏலம் நடந்தபோது சாய் சுதர்சனுக்குக் கோவை அணி 21.6 லட்சம் கொடுத்தது. ஓர் அணியின் மொத்தப் பணம் 70 லட்சம். அப்போது அவருடைய ஐபிஎல் சம்பளமே 20 லட்சம்தான். பெரிய பெயருக்கு ஏலம் நல்ல விலை தரும். வீரர்களின் உழைப்புக்கு அது நியாயம். ஆனால் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனையும், 2018இல் மதுரைக்காக ஆடி அடுத்த ஏலத்தில் 8.4 கோடிக்குப் போன வருண் சக்கரவர்த்தியையும் இந்த லீக் உலகுக்குக் காட்டியது அவர்கள் பெரிய பெயராக இருந்ததால் அல்ல. 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்திய மூத்தோர் ஹாக்கி அணியில் அறிமுகமான இரண்டு தமிழர்களில் ஒருவர் கோவில்பட்டி மாரீஸ்வரன். மற்றவர் கார்த்தி, கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கும் அரியலூர்க்காரர். இவர்கள் எல்லாரும் யாரோ ஒருவர் போய்ப் பார்த்ததால் கிடைத்தவர்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஐஸ் ஹாக்கி அணிக்கு முதல் மூன்று இடங்களுக்குள் ஏற வழி கிடைத்தால், எல்லார் கண்ணுக்கும் தனித்துத் தெரியும் ஒருவர் அங்கே இருந்தால், ஏறலாம். நம்மூர் ஹாக்கியில் பெனால்டி கார்னர் போன்ற அரிய வித்தைக்கும் ஏறலாம். மற்ற எல்லா நேரத்திலும் இறங்க வேண்டும். அடுத்த ஆண்டின் இடத்தை இந்த ஆண்டு விற்கவே கூடாது. இறங்கிக் கிடைத்த இடங்களையும் மிச்சமான பணத்தையும் ஆள் பார்ப்பதில் போட வேண்டும். தமிழ்நாட்டு அணி உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோளும் அதுதான்: அடுத்த ஏலத்தில் ஒரு பெயருக்காக ஒதுக்கும் கடைசிப் பத்து லட்சத்தை எடுத்து, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, அரியலூர் மாவட்டங்களின் பள்ளி மைதானங்களைச் சுற்றிவர இரண்டு பேரை ஆண்டு முழுவதும் நியமியுங்கள்.